விமானச் சத்தத்தை எப்படி அளக்கிறார்கள்: மழைமானி பார்த்தவர்களுக்கு ஒரு விளக்கம்

என் தங்கச்சி, விமான நிலையம் இருக்கிற கட்டுநாயக்காவில் கார்மண்ட் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. ராத்திரி எட்டரை வாக்கில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிற எங்கள் லயத்து வீட்டுக்குப் போன் எடுப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் "கொஞ்சம் இருங்கம்மா, ப்ளேன் போகுது" என்பாள், அப்புறம் அரை நிமிஷம் அந்தப் பக்கம் இரைச்சல் மட்டும்தான் கேட்கும், அம்மா போனைக் காதில் இருந்து எடுக்காமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பார், சத்தம் அடங்கியதும் விட்ட இடத்தில் இருந்து பேச்சு தொடரும். ஒரு மாதத்தில் அம்மாவுக்கு இது பழகிவிட்டது. தங்கச்சி சொல்வதற்கு முன்னாலேயே பேச்சை நிறுத்தப் பழகிக்கொண்டார்.

போன மாதம் டிக்கோயாவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இந்தக் கதை வந்தது. "வெளிநாட்டு ஏர்போட்டுல எல்லாம் மிஷின் வச்சு அளக்குறாங்க அண்ணே, அறுபது டெசிபெல்தான் வருதாம், நாம இப்ப பேசுறதே அறுபது இருக்கும்" என்றார் ஒருவர். "ஒரு ப்ளேனுக்கு அறுபதுன்னா ரெண்டு ப்ளேன் போனா நூத்தியிருபது, காது போயிருமே" என்றார் இன்னொருவர். "மிஷினை வச்சிட்டா சத்தம் குறைஞ்சிரும்தானே" என்று கடைக்காரர் முடித்துவைத்தார். மூன்று பேரும் நல்ல மனசோடுதான் பேசினார்கள், ஆனால் மூன்றுமே தப்பு. நம் தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்த ஓடுபாதையின் பக்கத்து அறைகளில் படுத்து எழும்புகிறார்கள். அதனால் இதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நமக்கும் தேவை என்று பட்டது. கணக்கு தெரியாதவர்களுக்கும் விளங்குகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

டெசிபெல் என்பது கிலோ இல்லை

கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பத்துக் கிலோவோடு பத்துக் கிலோ சேர்த்தால் இருபது கிலோ. டெசிபெல் அப்படிக் கூடாது. காரணம் நம் காதுதான். இலை உரசுகிற சத்தமும் காதுக்குக் கேட்கிறது, இடி பக்கத்தில் விழுகிற சத்தமும் கேட்கிறது. காதுக்குக் கேட்கத் தொடங்குகிற மிகச் சின்னச் சத்தத்துக்கும் காது வலிக்கிற சத்தத்துக்கும் நடுவில் இருக்கிற சக்தி வித்தியாசம் ஏறக்குறைய இலட்சம் கோடி மடங்கு. அத்தனை பூச்சியங்களை வைத்து எழுதிப் பேச முடியாது என்பதால் மடங்குக் கணக்கில் ஓர் அளவு வைத்தார்கள். அதுதான் டெசிபெல்: எண்ணில் 10 கூடினால் ஒலியின் சக்தி 10 மடங்கு ஆகிறது, 20 கூடினால் 100 மடங்கு, 30 கூடினால் 1,000 மடங்கு.

காதுக்கு எப்படித் தோன்றும் என்பது வேறு விஷயம். 10 டெசிபெல் கூடினால் சக்தி 10 மடங்கு ஆனாலும் நமக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத்தான் படும்.

ஸ்டோருக்குள், அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குள், நின்று பார்த்தவர்களுக்கு இது அனுபவத்திலேயே தெரியும். ஒரு ரோலர் ஓடுகிறது, பேச முடியாத இரைச்சல். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ரோலரைப் போடுகிறார்கள். சத்தம் இரண்டு மடங்கு ஆனதாகக் காதுக்குப் படுமா? இல்லை, கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும். கணக்கும் அதையே சொல்கிறது: ஒரே அளவுள்ள இரண்டு சத்தம் சேர்ந்தால் 3 டெசிபெல்தான் கூடும். 60-ம் 60-ம் சேர்ந்தால் 63. கடையில் சொன்ன நூற்றியிருபது அங்கேயே அடிபட்டுப் போகிறது.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வானத்தில் போகிற விமானம் மாதிரி ஓர் இடத்தில் இருந்து வரும் சத்தம், தூரம் இரண்டு மடங்கு ஆனால் 6 டெசிபெல் அளவு குறையும். அப்புறம், தாழ்ந்த சுருதிச் சத்தம் நம் காதுக்குக் குறைவாகத்தான் கேட்கும் என்பதால் கருவியும் அதைக் குறைத்தே எண்ணும்படி செய்திருக்கிறார்கள். ஏ-எடை என்று அதற்குப் பெயர். விமான நிலையங்கள் சொல்லும் எண்கள் பெரும்பாலும் அந்த எடை போட்ட எண்கள்தான்.

ஆக இதுவரைக்கும் இவ்வளவுதான்: டெசிபெலைக் கிலோ மாதிரிக் கூட்டிக் கழிக்கக் கூடாது, 3 கூடினால் சக்தி இரண்டு மடங்கு, 10 கூடினால் காதுக்கு இரண்டு மடங்கு. இந்த 3-ஐ மட்டும் மறந்துவிடாதீர்கள், அடுத்த பகுதியே அதை வைத்துத்தான்.

மழைப் புத்தகமும் சத்தப் புத்தகமும்

தோட்டத்து ஆபீஸ் பக்கம் வெட்டவெளியில் ஒரு மழைமானி இருக்கும். காலையில் ஒருவர் போய் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து மில்லிமீட்டரில் புத்தகத்தில் எழுதுவார். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் 300 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த 300 எப்படி வந்தது? தினமும் பத்துப் பத்தாகத் தூறியும் வந்திருக்கலாம், ஒரே ராத்திரியில் 150 கொட்டிவிட்டு மற்ற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்தும் வந்திருக்கலாம். புத்தகத்தில் கூட்டுத்தொகை ஒன்றுதான். ஆனால் மலைக்கு அது ஒன்றில்லை. அதனால்தான் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு மாதக் கணக்கைப் பார்க்காமல் 24 மணி நேரத்தில் பெய்த மழையைப் பார்க்கிறது: 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனம், 100-ஐத் தாண்டினால் தயாராகு, 150-ஐத் தாண்டினால் வீட்டை விட்டு வெளியேறு.

விமானச் சத்தத்திலும் இதே சிக்கல் இருக்கிறது. அங்கே மூன்று விதமான எண் புழங்குகிறது, பேசுகிறவர்கள் மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடுகிறார்கள்.

முதலாவது உச்ச அளவு. விமானம் தலைக்கு மேல் போகிற அந்தக் கணத்தில் சத்தம் எவ்வளவு உயரம் தொட்டது என்பது. மழை மிகவும் அடித்துப் பெய்த அந்த ஒரு நிமிஷம் மாதிரி. இரண்டாவது நிகழ்வு அளவு. ஒரு விமானம் வரத் தொடங்கியதில் இருந்து மறைகிறவரைக்கும் வந்த மொத்தச் சத்தத்தையும் சேர்த்து, அது எல்லாம் ஒரே ஒரு விநாடியில் வந்திருந்தால் எவ்வளவு இருக்கும் என்று சொல்லும் எண். ஒரு பாட்டம் மழையில் மானியில் சேர்ந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக் கணக்கில் நீளும் சத்தத்தை ஒரு விநாடிக்குள் அடைப்பதால் இந்த எண் உச்ச அளவைவிடப் பெரிதாக வரும். மூன்றாவது சமன் சராசரி. பகல் முழுக்க வந்த எல்லா விமானங்களின் சக்தியையும் கூட்டி, அதை அத்தனை மணி நேரத்துக்கும் சமமாகப் பரப்பி எழுதுகிற எண். மாத மழை மாதிரி.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஒரு வீட்டுக்கு மேல் 16 மணி நேரத்தில் 100 விமானம் போகிறது, ஒவ்வொன்றின் நிகழ்வு அளவும் 85 டெசிபெல். சமன் சராசரி எவ்வளவு வரும்? ஏறக்குறைய 57. விமானம் போகும்போது உச்சம் 75 வரை போயிருக்கும், போன பிறகு வெறும் தெருச் சத்தம்தான். அந்த 57 டெசிபெல் அந்த வீட்டில் நிலையாக நின்று கேட்கிற சத்தமே இல்லை. கடையில் சொன்ன "பேச்சுச் சத்தமே அறுபது" என்ற வாதம் இங்கேதான் வழுக்குகிறது. பேச்சு என்பது பேசும்போது வருகிற சத்தம். இந்த அறுபது என்பதோ அமைதியான நிமிஷங்களையும் சேர்த்துப் பரப்பிய எண்.

இன்னும் ஒரு படி போவோம். அடுத்த வருஷம் விமானங்கள் 200 ஆகின்றன. சக்தி இரண்டு மடங்கு, அதனால் 3 டெசிபெல் கூடி சராசரி 60 ஆகிறது. "மூன்றே மூன்று டெசிபெல்தான் கூடியிருக்கிறது" என்று அறிக்கையில் எழுதினால் அது பொய்யில்லை. ஆனால் அம்மாவும் தங்கச்சியும் பேச்சை நிறுத்த வேண்டிய தடவைகள் இரட்டிப்பாகிவிட்டன.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். இயந்திரங்கள் நல்லபடியாகி ஒவ்வொரு விமானமும் 10 டெசிபெல் குறைவாகச் சத்தம் போட்டால், விமானங்கள் பத்து மடங்கு கூடினாலும் சராசரி அப்படியே நிற்கும். நான் சராசரியைக் குறை சொல்லவில்லை. ஓர் ஊரை இன்னோர் ஊரோடு ஒப்பிட, இந்த வருஷத்தைப் போன வருஷத்தோடு ஒப்பிட, உடம்புக்கு நாள்பட என்ன ஆகும் என்று ஆராய அதுதான் தேவைப்படுகிறது. அதை மட்டும் காட்டிவிட்டுப் பேச்சை முடிப்பதுதான் தவறு.

சிட்னியில் 1994-ல் மூன்றாவது ஓடுபாதை திறந்தபோது நடந்தது இதற்கு நல்ல உதாரணம். வரைபடத்தில் சத்தக் கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் தங்களுக்குத் தொல்லை இருக்காது என்று நம்பியிருந்தார்கள். திறந்த பிறகு வீட்டுக்கு மேல் விமானம் விமானமாகப் போனது, பெரிய எதிர்ப்பு கிளம்பியது. அதற்கப்புறம்தான் ஆஸ்திரேலியாவில் "ஒரு நாளைக்கு 70 டெசிபெலைத் தாண்டிய விமானம் எத்தனை" என்று எண்ணிக்கையாகவே மக்களுக்குச் சொல்லும் முறை வந்தது. இது யாருக்கும் விளங்கும். ஒரு நாளைக்கு நாற்பது தடவை பேச்சு நிற்கும் என்றால் என் அம்மாவுக்கும் விளங்கும்.

சுருக்கமாக: உச்சம் ஒரு கணத்துக்கு, நிகழ்வு அளவு ஒரு விமானத்துக்கு, சராசரி ஒரு நாளைக்கு. யாராவது ஓர் எண்ணைச் சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, இது இந்த மூன்றில் எது என்பதுதான்.

ராத்திரி விமானம் ஒன்றுக்குப் பத்து

பகல் பத்து மணிக்குப் போகும் விமானமும் ராத்திரி இரண்டு மணிக்குப் போகும் விமானமும் கருவிக்கு ஒன்றுதான், தூங்குகிற மனிதருக்கு ஒன்றில்லை. இதற்காக ஐரோப்பாவில் பகல்-மாலை-இரவுச் சராசரி என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். மாலையில் வரும் சத்தத்துக்கு 5 டெசிபெலும் இரவில் வரும் சத்தத்துக்கு 10 டெசிபெலும் கூட்டிப்போட்டுக் கணக்கெடுப்பார்கள். 10 என்றால் பத்து மடங்கு என்று பார்த்தோம் அல்லவா, அப்படியென்றால் ஒரு ராத்திரி விமானம் பத்துப் பகல் விமானத்துக்குச் சமம். அமெரிக்காவிலும் இரவுக்கு 10 கூட்டுகிறார்கள், மாலைக்குப் பொதுவாக எதுவும் கூட்டுவதில்லை.

உலகச் சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. விமானச் சத்தம் இந்தப் பகல்-மாலை-இரவுச் சராசரியில் 45-க்குக் கீழும், இரவில் மட்டும் எடுத்தால் 40-க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். உலகத்தின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி வாழ்கிறவர்களில் நிறையப் பேர் அந்த எல்லைக்கு மேலேதான் இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. இரவுக்குப் பத்து கூட்டுவது இரவில் தூங்குகிறவர்களுக்காக. ஷிப்ட் மாறும் வாரங்களில் என் தங்கச்சி காலை ஏழு மணிக்கு அறைக்கு வந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாள். மேலே தகரக் கூரை, ஜன்னலைத் திறந்தால் சத்தம், மூடினால் வேர்வை. பத்து மணிக்கு விமானம் போனால் கணக்கில் அது சாதாரணப் பகல் விமானம். அவளுக்கு அதுதான் நடுச்சாமம். சுதந்திர வர்த்தக வலயம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிற விமான நிலையத்தில் இப்படித் தூங்குகிறவர்கள் ஒருவர் இருவர் இல்லை. சூத்திரம் எழுதியவர்கள் மேல் கோபமில்லை, ஆனால் அந்தச் சூத்திரத்தை ஓர் ஊரில் போடும்போது அந்த ஊர் எப்போது தூங்குகிறது என்று ஒரு தடவை விசாரித்துவிட்டுப் போட வேண்டும்.

கம்பத்து மைக் என்ன செய்கிறது

இனி அந்த மிஷினுக்கு வருவோம். வீட்டுக்கூரை உயரத்துக்கு ஒரு கம்பம், உச்சியில் பஞ்சுருண்டை மாட்டிய மைக், காக்கை உட்காராமல் இருக்க மேலே கம்பி முட்கள், கீழே பெட்டிக்குள் ஒரு சின்னக் கணினி. விநாடிக்கு விநாடி சத்தத்தை எழுதிக்கொண்டே இருக்கும். மழைமானியை மரத்தடியில் வைக்காத மாதிரி இதையும் சுவர் பக்கத்தில் வைக்க மாட்டார்கள், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் கணக்கைக் கெடுத்துவிடும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு தடவை, அளவு தெரிந்த ஒரு சத்தத்தைக் கொடுத்து மைக் சரியாகச் சொல்கிறதா என்று சோதிப்பார்கள்.

மைக்குக்கு எது விமானம், எது கோவில் குழாய் ஸ்பீக்கர் என்று எப்படித் தெரியும்? அதற்குத் தானாகத் தெரியாது. குறித்த அளவைத் தாண்டி, குறித்த விநாடிகளுக்கு மேல் நீடித்த சத்தத்தை ஒரு நிகழ்வு என்று அது எடுத்துவைக்கும். அப்புறம் ராடாரில் பதிவான விமானப் பாதைகளோடு நேரத்தைப் பொருத்திப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு விமானம் போயிருந்தால் சத்தம் அதன் கணக்கில் எழுதப்படும், இல்லாவிட்டால் நாயோ பஸ்ஸோ இடியோ என்று ஒதுக்கப்படும். காற்று பலமாக அடிக்கும் நேரத்துப் பதிவுகளையும் தள்ளிவிடுவார்கள், காற்றே மைக்கில் மோதிச் சத்தம் போடும்.

எல்லா வீட்டு வாசலிலும் கம்பம் நட முடியாது. அதனால் எந்த விமானம், எந்தப் பாதை, எவ்வளவு உயரம் என்பதை எல்லாம் கணினியில் போட்டு ஒவ்வோர் இடத்துக்கும் சராசரியைக் கணக்கிடுகிறார்கள். ஒரே அளவு வரும் இடங்களை இணைத்தால் ஒரு கோடு கிடைக்கும், அது சமஒலிக் கோடு. மலைச்சரிவில் ஒரே உயரத்தைப் பிடித்து வளைந்து போகிற தேயிலை நிரையை நினைத்துக்கொள்ளுங்கள், அதே தத்துவம்தான். சிட்னிக்காரர்கள் நம்பிய கோடு இந்த வகையைச் சேர்ந்தது. கணினி சொல்வது உண்மையா என்று பார்க்கத்தான் கம்பங்கள்.

கடைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் இப்போது தெளிவாக இருக்கும். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக்குழாய் காய்ச்சலைக் குறைக்காது, மைக்கும் சத்தத்தைக் குறைக்காது. குறைப்பதற்கு என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-ல் நான்கு வழிகளைச் சொல்லிவைத்தது: சத்தம் குறைந்த விமானங்களைக் கட்டுவது, ஓடுபாதைக்குப் பக்கத்தில் எதைக் கட்டலாம் எதைக் கட்டக்கூடாது என்று நிலத்தைத் திட்டமிடுவது, பறக்கிற முறையை மாற்றுவது, இவை எல்லாம் போதாதபோது நேரக் கட்டுப்பாடு மாதிரித் தடைகள் போடுவது. அளவீட்டுக்குப் பின்னால் ஒரு விதி இருந்தால்தான் அதற்குப் பல் முளைக்கும். லண்டன் ஹீத்ரோவில் எழும்பும் விமானத்துக்கு, ஓட ஆரம்பித்த இடத்தில் இருந்து 6.5 கிலோமீட்டரில் பகலில் 94 டெசிபெல், இரவில் 87 என்று எல்லை வைத்தார்கள், தாண்டினால் தண்டம். அந்தப் பணம் சுற்றுவட்டார மக்களின் காரியங்களுக்குப் போகிறது.

காற்று திரும்பினால் சத்தமும் திரும்பும்

"முன்னே எல்லாம் இப்படி இல்லை, இப்போது ரொம்பத் தாழ்வாகப் பறக்கிறார்கள்" என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு. சில வேளை உண்மை, பல வேளை காரணம் காற்று. விமானம் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், எதிர்த்துத்தான் இறங்கும். கட்டுநாயக்கா ஓடுபாதை வடகிழக்குக்கும் தென்மேற்குக்கும் நடுவே கிடக்கிறது, நம் இரண்டு பருவக்காற்றும் வருகிற அதே திசையில். தென்மேல் காற்று பலமாக இருக்கும்போது பொதுவாக வடகிழக்கில் இருந்து வந்து இறங்கி, தென்மேற்கு நோக்கி எழும்பும். காற்று மாறினால் இறங்கும் பக்கமும் எழும்பும் பக்கமும் இடம் மாறிவிடும். இறங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தாழ்வாக ஒரே நேர்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் விமானங்கள், எழும்பும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இயந்திரத்தின் முழு முழக்கம். ஒரு மாதம் அமைதியாக இருந்துவிட்டு அடுத்த மாதம் தலைக்கு மேல் வந்தால் யாருக்கும் புதுத் தொல்லையாகத்தான் தெரியும்.

இறங்கும்போது எவ்வளவு உயரம்? வழக்கமான சரிவு 3 பாகை, அதாவது 100 மீட்டர் முன்னால் போனால் ஏறக்குறைய 5 மீட்டர் இறங்கும். ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டர் முன்னால் 260 மீட்டர் சொச்சம். நம் பம்பரக்கந்த நீர்வீழ்ச்சி 263 மீட்டர். அந்த அருவியின் அடியில் நின்று உச்சியைப் பாருங்கள், அந்த உயரத்தில் ஒரு பெரிய விமானம் சக்கரத்தை விரித்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்தத்தில் பாதி இயந்திரத்தினுடையதுகூட இல்லாமல் இருக்கலாம். விரித்த சக்கரத்திலும் இறக்கை மடிப்புகளிலும் காற்று கிழிபடுகிற சத்தம் அது.

மலையில் இருக்கிற நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. விமானி சொல்லும் உயரம் கடல் மட்டத்தில் இருந்து எண்ணுவது. 10,000 அடியில் வரும் விமானம், 6,000 அடியில் இருக்கும் நுவரெலியாவுக்கு 4,000 அடிதான் மேலே. நோர்வூட், மஸ்கெலியா பக்கத்து வயசானவர்கள் விமானச் சத்தம் கொஞ்சம் தாழ்வாகக் கேட்டாலே வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். 1974 டிசம்பர் 4 ராத்திரி, கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டின்ஏர் விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி 191 பேர் செத்துப்போனதைக் கண்டவர்கள், கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் குளிர். விடியற்காலை பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று அடியில் தங்கி, மேலே அதைவிடச் சூடான காற்று நிற்கும். அப்போது மேலே போகிற சத்தம் வளைந்து திரும்பத் தரைக்கே வரும். பனி மூடிய காலையில் தூரத்தில் மலையேறும் ரயில் பக்கத்து லயத்தில் போகிற மாதிரிக் கேட்பது இதனால்தான். பகலில் வெயில் ஏறியதும் அதே சத்தம் மேல்நோக்கி வளைந்து காணாமல் போகும். விமான நிலையத்தைச் சுற்றியும் இதேதான், ஒரே விமானம் ஒரே உயரத்தில் போனாலும் விடியலில் ஒரு மாதிரி, மத்தியானம் வேறு மாதிரி.

அளந்த பிறகு பேச வேண்டும்

அளப்பது பாதி வேலை. 2014-ல் மீரியபெத்தையில் மலை இறங்கியதே, அது ஆபத்தான இடம் என்று அதற்குப் பல வருஷம் முன்னாலேயே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் அந்தச் சனங்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. சத்தம் உயிரை அப்படி ஒரே நாளில் கொண்டுபோகாது, இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவும் கூடாது. ஆனாலும் எண் கையில் இருப்பதும் சனங்களுக்கு அதனால் பயன் கிடைப்பதும் வேறு வேறு என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை.

அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் 2014-ல் செயற்கைக்கோள் வழிகாட்டலுக்கு ஏற்ற புதுப் பாதைகளைப் போட்டார்கள். பழைய முறையில் விமானங்கள் அங்குமிங்குமாகப் பரவிப் போகும், புது முறையில் தண்டவாளத்தில் போகிற மாதிரி ஒரே கோட்டில் போகும். எரிபொருளுக்கு நல்லது, கோட்டுக்குக் கீழே இருக்கிற வீட்டுக்கு நல்லதில்லை. சராசரிக் கணக்கில் பெரிய பாதிப்பு வராது என்று முடிவு செய்து, குடியிருப்பாளர்களிடம் ஒழுங்காகச் சொல்லாமலே மாற்றினார்கள். புகார்கள் குவிந்தன, நகரமே வழக்குப் போட்டது, 2017-ல் நீதிமன்றம் அந்த மாற்றம் முறைகேடானது என்று தீர்ப்புச் சொன்னது.

ஹீத்ரோவில் இரண்டு ஓடுபாதை இருக்கிறது. மேற்குப் பக்கமாக இயங்கும் நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றுவார்கள். மொத்தச் சத்தம் இதனால் துளியும் குறையாது. ஆனால் இன்றைக்கு மூன்று மணிக்கு மேல் நமக்கு அமைதி என்று முன்கூட்டியே தெரிகிறது, பிள்ளையைத் தூங்கவைப்பதோ வெளியே உட்கார்ந்து பேசுவதோ அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். ஒரே அளவு சத்தம் கேட்கும் இரண்டு பேரில் ஒருவருக்கு எரிச்சல் கூடவும் இன்னொருவருக்குக் குறையவும் இந்த மாதிரி விஷயங்கள் காரணமாகின்றன: எப்போது வரும் என்று தெரிகிறதா, சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறார்களா, கேட்டால் பதில் வருகிறதா.

எனக்கு மிகவும் பிடித்தது நெதர்லாந்துக் கதை. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிப்போல் விமான நிலையத்தில் 2003-ல் ஒரு புது ஓடுபாதை வந்தது. விமானம் எழும்ப ஓடும்போது வருகிற அடித்தொண்டை முழக்கம் தரையோடு தரையாகப் பரவி ஹூஃப்டோர்ப் ஊர்வரைக்கும் போனது, அந்தச் சீமையில் தடுக்க ஒரு மேடும் இல்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் வயலை உழுத பிறகு அந்த முழக்கம் குறைவதாகக் கவனித்தார்கள். உழவுசாலின் மேடுபள்ளம் சத்தத்தைச் சிதறடிக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு மண்ணை வரிசை வரிசையாக வரப்பு மாதிரி உயர்த்தி, நடுவில் நடைபாதையும் விளையாட இடமும் விட்டு ஒரு பூங்காவாகவே கட்டி 2013-ல் திறந்தார்கள்.

வியன்னாவில் விமான நிலையமும் சுற்றியிருந்த ஊர்ச் சபைகளும் குடிமக்கள் குழுக்களும் நடுவர்களை வைத்து வருஷக்கணக்காக உட்கார்ந்து பேசி 2005-ல் ஒப்பந்தம் செய்தார்கள், அதற்குப் பிறகும் பேசுவதற்கென்று ஒரு மன்றம் தொடர்ந்து இயங்குகிறது.

இந்தப் பகுதியில் சொன்னதை ஒரு வரியில் பிடிக்கலாம்: சத்தத்தைக் குறைக்க முடிகிற இடத்தில் குறைக்கிறார்கள், முடியாத இடத்தில் எப்போது யாருக்கு என்று சொல்லி வைக்கிறார்கள், இரண்டுக்கும் கீழே இருப்பவர்களைக் கேட்க வேண்டியிருக்கிறது.

யாரைக் கேட்கிறார்கள்

புகார் எண்ணிக்கையை வைத்துச் சத்தத்தை அளக்க முடியாது. வாஷிங்டனில் ரீகன் விமான நிலையத்துக்கு 2015-ல் வந்த ஆயிரக்கணக்கான புகார்களில் பெரும்பகுதி ஒரே வீட்டில் இருந்து வந்தது. அந்த வீட்டாரின் தொல்லை பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் புகார் எழுதத் தெரிந்தவர்கள், நேரம் இருப்பவர்கள், பாஷை தெரிந்தவர்கள்தான் எழுதுகிறார்கள்.

மறுபக்கம், எழுதாதவர்கள். போர்டிங் அறையில் வாடகைக்கு இருக்கும் பிள்ளைகளுக்கு வாக்காளர் பெயர் தோட்டத்தில் இருக்கிறது. கூட்டம் வைத்தால் வீட்டுக்காரருக்கு அறிவித்தல் போகும், வாடகைக்கு இருப்பவருக்குப் போகாது. பகல் பத்து மணிக்கு வைத்தால் ஒருத்தி மெஷினில் இருப்பாள், இன்னொருத்தி தூக்கத்தில் இருப்பாள். சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தால் பாதி விளங்கும், பாதி விளங்காது. எந்த நாட்டில், எந்த விமான நிலையம் ஆனாலும் மக்களைக் கேட்டோம் என்று சொன்னால் இந்தப் பிள்ளைகளையும் கேட்டீர்களா என்று நாம் கேட்கலாம்.

நீங்களோ உங்கள் பிள்ளைகளோ அப்படி ஓர் இடத்தில் இருந்தால், புகார் சொல்லும்போது "எந்த நேரமும் சத்தம்" என்று எழுதாதீர்கள். தேதி, நேரம், எந்தப் பக்கம் இருந்து வந்தது, இறங்கியதா எழும்பியதா, அந்த நேரம் நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று எழுதுங்கள். நேரம் சரியாக இருந்தால் ராடார் பதிவோடு பொருத்தி அது எந்த விமானம் என்று கண்டுபிடிக்க முடியும். போனில் டெசிபெல் காட்டும் ஆப் வைத்து அளந்து சண்டைக்குப் போக வேண்டாம், அவை ஒன்றுக்கொன்று பல டெசிபெல் வித்தியாசமாகக் காட்டும். ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, நேற்றையதையும் இன்றையதையும் ஒப்பிட மட்டும் உதவும்.

தங்கச்சிக்கு இதைச் சொல்லி ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன். கடைசிக் கட்டத்தில் அவள் எழுதியிருப்பது: "தூக்கம்", "தூக்கம்", "சோறு", "அம்மாவோட பேச்சு", "தூக்கம்", "அம்மாவோட பேச்சு". மூன்று வாரம் எழுதிய பிறகு அவளே ஒன்றைக் கண்டுபிடித்தாள். எட்டரைக்கு ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது, ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இடைவெளி இருக்கிறது. அம்மா இப்போது எட்டே முக்காலுக்குத்தான் போனைக் கையில் எடுத்து வைத்துக்கொள்கிறார்.